‘செல்மா’ படத்தை வரலாறாக நம்பலாமா?

‘செல்மா’ படத்தைப் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் திரையிட நினைப்பதாகவும், அதில் அன்றைய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வில்லனாகக் காட்டப்பட்டிருப்பது அப்பட்டமான பொய் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்வதாகவும், ஆகவே படத்தை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஜான்சனைப் பற்றிப் படம் சொல்வது சரியா என்பது ஒன்று. ஓரிடத்தில் பிசகிய படத்தை மற்ற இடங்களில் எந்த அளவுக்கு நம்புவது என்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதற்கான விடை என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க வரலாற்றுத் தாள் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். செல்மா நகரை நான் நேரில் பார்த்ததில்லை. வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகள், நீதிமன்ற ஆவணங்கள், கலந்துகொண்டவர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றின் வழியாகத் தெரிந்துகொண்டவைதான் என் சரக்கு. படத்தின் கலைத்தரத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் அதை ஒரு சாதாரணப் பார்வையாளரின் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஏவா டுவர்னே இயக்கி 2014ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் வெளிவந்த இந்தப் படம், 1965இன் முதல் மூன்று மாதங்களில் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொள்ளும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தையும், அங்கிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு 54 மைல் நடந்த பேரணியையும் சொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங்காக டேவிட் ஓயெலோவோவும் ஜான்சனாக டாம் வில்கின்சனும் நடித்தார்கள். கிங், அவர் மனைவி கொரெட்டா, ஜான்சன், அலபாமா ஆளுநர் வாலஸ் ஆகிய நான்கு பேராகவும் நடித்தவர்கள் பிரிட்டிஷ் நடிகர்கள் என்பது ஒரு வேடிக்கை.

இனி ஜான்சன். வறுமை ஒழிப்புத் திட்டங்கள்தாம் முதலில், வாக்குரிமை காத்திருக்கட்டும் என்று படத்தில் அவர் கிங்கிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கிங் மசியாதபோது எரிச்சலடைகிறார். இது முழுப் பொய் அல்ல. 1964 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றுத் திரும்பிய கிங் வெள்ளை மாளிகையில் அவரைச் சந்தித்தபோது, அந்த ஆண்டுதான் ஒரு பெரிய சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியிருக்கும் நிலையில் உடனே இன்னொன்றுக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்ட முடியாது என்று ஜான்சன் சொன்னதாகக் கிங்கின் தரப்பினர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதே டிசம்பரில் வாக்குரிமைச் சட்டத்துக்கான வழிகளை ஆராயும்படி நீதித்துறைப் பொறுப்பிலிருந்த நிக்கோலஸ் கட்சன்பாக்கை ஜான்சன் பணித்திருந்தார் என்பதும் ஆவணங்களில் இருக்கிறது. 1965 ஜனவரி 15 அன்று ஜான்சனும் கிங்கும் தொலைபேசியில் பேசியது ஒலிப்பதிவாகவே கிடைக்கிறது. அதில் ஜான்சன், அலபாமாவிலோ மிசிசிப்பியிலோ லூசியானாவிலோ தென் கரோலினாவிலோ வாக்குரிமை மறுக்கப்படும் மிக மோசமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தேவாலய மேடைகளிலும் ஓயாமல் சொல்லுங்கள் என்று கிங்கை ஊக்கப்படுத்துகிறார். ‘வாக்குரிமையை எதிர்த்த ஜான்சன்’ என்ற சித்திரம் இந்தப் பதிவின் முன்னால் நிற்காது. ‘எப்போது’ என்பதில்தான் இருவருக்கும் இழுபறி இருந்தது. ‘வேண்டுமா வேண்டாமா’ என்பதில் இல்லை.

ஆனால் உங்கள் சக ஆசிரியர் படித்திருக்கக்கூடிய மறுப்புகளும் மறுகோடிக்குப் போய்விட்டன. ஜான்சனின் உதவியாளராக இருந்த ஜோசப் கலிஃபானோ, படம் வெளிவந்த வாரத்திலேயே நாளிதழில் ஒரு கட்டுரை எழுதி, செல்மாவே ஜான்சனின் யோசனைதான் என்றார். தேதிகளை வரிசையாக வைத்தால் இந்த வாதம் உதிர்ந்துவிடும். கிங் செல்மாவுக்கு வந்து பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் பேசிப் போராட்டத்தைத் தொடங்கியது ஜனவரி 2 அன்று. அதற்கான திட்டம் அதற்கும் முந்தையது. தொலைபேசி உரையாடல் நடந்தது ஜனவரி 15 அன்று. ஜான்சன் செல்மா என்ற ஊரின் பெயரை அதில் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு வழிகாட்டியது தானே என்று சொல்வது போன்றது இது. ஜான்சனின் உள்மனத்தில் என்ன இருந்தது, செல்மாவில் ரத்தம் சிந்தியிராவிட்டால் அந்த ஆண்டே மசோதா வந்திருக்குமா என்பதெல்லாம் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகாத இடங்கள். வந்திருக்கும், ஆனால் இவ்வளவு வலுவாக வந்திருக்காது என்பது என் கருத்து, கருத்து மட்டுமே.

ஜான்சன் விஷயத்தில் படம் செய்த உண்மையான தவறு வேறிடத்தில் இருக்கிறது, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். கிங்கோடு வாக்குவாதம் முற்றிய பிறகு, எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரைக் கூப்பிடும்படி ஜான்சன் சொல்கிறார். அதைத் தொடர்ந்து, கிங்கின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய ஒலிநாடா கொரெட்டாவின் காதில் விழுகிறது. பார்ப்பவர் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் முடிச்சுப் போடாமல் இருக்க முடியாது. உண்மையில் அந்த நாடாவும், கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் எழுதப்பட்ட பெயரில்லாக் கடிதமும் 1964 நவம்பரிலேயே எஃப்.பி.ஐ.யால் அஞ்சலில் அனுப்பப்பட்டவை. கொரெட்டா பொட்டலத்தைப் பிரித்ததுதான் 1965 ஜனவரியில். கிங்கின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்க 1963இல் அனுமதி கொடுத்தவர் ராபர்ட் கென்னடி. இந்த வேவு பார்த்தல் ஜான்சனுக்குத் தெரியும், அவர் அதை நிறுத்தவில்லை என்பது அவர் கணக்கில் எழுத வேண்டிய குற்றம்தான். அதற்காக, செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சண்டையும் ஜான்சனைச் சுற்றியே நடந்ததில், இன்னொரு பிசகு பெரும்பாலோர் கண்ணில் படாமல் போயிற்று. படத்தின் உச்சமான இடங்களில் ஒன்று, மார்ச் 9 செவ்வாய்க்கிழமை கிங் சுமார் 2,000 பேரோடு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடக்கும் காட்சி. இரண்டு நாள் முன்பு இதே பாலத்தில் ஊர்வலத்தினரை அடித்துத் துரத்திய மாநிலப் போலீசார் எதிரே நிற்கிறார்கள்; திடீரென்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கிங் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறார். எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறார். கடவுள் அந்தக் கணத்தில் காதோடு ஏதோ சொல்லிவிட்டது போல அது படமாக்கப்பட்டிருக்கிறது. போலீசார் வழிவிட்டதும் உண்மை, மண்டியிட்டதும் திரும்பியதும் உண்மை. ஆனால் அன்று காலையிலேயே கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் பேரணிக்கு இடைக்காலத் தடை விதித்திருந்தார். அதிபர் அனுப்பிய சமரசத் தூதரான லீராய் காலின்ஸ் இரு தரப்புக்கும் இடையே ஓடி, பாலத்தைக் கடந்து, பிரார்த்தித்து, திரும்பிவிடுவது என்ற ஏற்பாட்டைப் பேசிவைத்திருந்தார். பின்னால் நடந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. போராட்டத்தில் பங்கெடுத்த மாணவர் இயக்கத்தினர் ஆத்திரமடைந்ததும், அந்த நாளுக்கு ‘திரும்பிய செவ்வாய்’ என்று கசப்போடு பெயர் விழுந்ததும் அதனால்தான். கிங் அந்த ஏற்பாட்டுக்கு எந்த அளவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. முயல்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்ற அளவில்தான் அவர் பேசியதாகத் தெரிகிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் உத்தரவை மீறினால் தன் பக்கம் இருக்கும் ஒரே அரசு நிறுவனத்தையும் பகைத்துக்கொள்ள நேரும். மீறாவிட்டால் தன் ஆட்களே தன்னைக் கோழை என்பார்கள். இந்த இக்கட்டில் சிக்கிய மனிதர், பிரார்த்தனையில் தெளிவு பெற்ற மகானைவிட எனக்கு முக்கியமானவராகத் தெரிகிறார். படம் அவரைத் தவறவிட்டுவிட்டது.

இப்போது படம் எங்கே உறுதியாக நிற்கிறது என்பதற்கு வருகிறேன். தொடக்கத்திலேயே வரும் ஒரு சிறு காட்சி. அன்னி லீ கூப்பர் என்ற பெண்மணி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், வாக்காளர் பதிவு விண்ணப்பத்தைக் கொடுக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையைச் சொல் என்கிறார் பதிவாளர். சொல்கிறார். அலபாமாவில் எத்தனை கவுண்டி நீதிபதிகள் என்று அடுத்த கேள்வி. அறுபத்தேழு. ‘அவர்கள் பெயர்களைச் சொல்.’ அவ்வளவுதான், விண்ணப்பத்தின் மீது நிராகரிப்பு முத்திரை விழுகிறது. அந்த உரையாடல் எழுதிச் சேர்த்ததாக இருக்கலாம், ஆனால் அந்த முத்திரை விழுந்த விதம் அச்சு அசல்.

நம் மாணவர்களுக்கு இந்தக் காட்சி புரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வாக்காளர் பட்டியலுக்காக அரசு ஊழியரே வீடு தேடி வந்து கதவைத் தட்டுகிறார். விட்டுப்போனால் படிவம் 6ஐ நிரப்பிக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் பெயரைச் சேர்த்துக்கொள்வது குடிமகனின் பாடு; அவர்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். செல்மா அடங்கிய டாலஸ் கவுண்டியில் அந்த அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் மட்டுமே திறந்திருந்தது. போனால் பல பக்க விண்ணப்பம், எழுத்தறிவுத் தேர்வு, ஏற்கெனவே பதிவான ஒரு வாக்காளர் வந்து ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று சொல்ல வேண்டிய நிபந்தனை. பதிவான கறுப்பினத்தவர் மிகச் சிலரே இருந்த கவுண்டியில் யார் வந்து சொல்வது? இதற்கு மேல் மாநிலத் தேர்தல்களுக்கு வாக்கு வரி வேறு. முந்தைய நிலுவையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் போதும், விண்ணப்பம் தள்ளுபடி. இதே தேர்வு வெள்ளையருக்கும் எழுத்தளவில் பொருந்தும். யாரிடம் கறாராகக் கேட்பது என்பதைப் பதிவாளரின் விருப்பத்துக்கு விட்டதில்தான் சூட்சுமம் முழுவதும் இருந்தது. விளைவு, டாலஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதிலிருந்த சுமார் 15,000 கறுப்பினத்தவரில் பதிவானவர்கள் 300க்குச் சற்று மேல். பட்டியலில் இருப்பவர்களைவிட என்னோடு சிறையில் இருக்கும் நீக்ரோக்கள் அதிகம் என்று கிங் அந்தப் பிப்ரவரியில் சிறையிலிருந்து எழுதியது அலங்காரப் பேச்சு அல்ல, கணக்கு.

கூப்பர் உண்மையான மனிதர். வேறு மாநிலத்தில் வசித்தபோது வாக்காளராக இருந்தவர். தாயைப் பார்த்துக்கொள்ளச் செல்மாவுக்குத் திரும்பியவர். 1963இல் பதிவுக்கு முயன்றதற்காகவே முதியோர் இல்லமொன்றில் பார்த்துவந்த வேலையை இழந்தார். 1965 ஜனவரி 25 அன்று, வரிசையில் நின்ற தன்னைத் தடியால் இடித்த, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் ஜிம் கிளார்க்கை ஓங்கி ஒரு குத்து விட்டார்; அப்போது அவருக்கு வயது 54. படத்தில் ஓப்ரா வின்ஃப்ரி நடித்த அந்தக் காட்சி, சூழல் சற்று மாற்றப்பட்டிருந்தாலும், நடந்ததுதான். அகிம்சைப் போராட்டத்தின் நடுவில் விழுந்த அந்தக் குத்தைப் படம் மறைக்காமல் காட்டியதை நான் மதிக்கிறேன். அவர் நூறு வயது வாழ்ந்து 2010இல் மறைந்தார்.

ஆனால் படம் மிக வேகமாகக் கடந்துவிடுவதும் இந்த உள்ளூர்க்காரர்களைத்தான். கிங் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1963 தொடக்கத்தில், பெர்னார்ட் லாஃபயெட் என்ற இளைஞர் மாணவர் இயக்கத்தின் சார்பில் செல்மாவுக்கு வந்து வேலையைத் தொடங்கினார். அவருக்கும் முன்பிருந்தே அமேலியா பாய்ன்டன் தன் வீட்டிலும் அலுவலகத்திலும் மக்களை உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்பப் பழக்கிக்கொண்டிருந்தார். 1964 ஜூலையில் உள்ளூர் நீதிபதி, இந்த இயக்கத்தவர் மூன்று பேர் கூடினாலே குற்றம் என்று தடையுத்தரவு போட்டுக் கூட்டங்களை முடக்கிய பிறகுதான், பாய்ன்டனும் மற்றவர்களும் கிங்கை அழைத்தார்கள். 1965 ஜனவரி 22 அன்று ஃபிரெடரிக் ரீஸ் தலைமையில் நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர் கையிலிருந்த பள்ளி வாரியம். வேலை போனால் பிழைப்பு போயிற்று. சிறைக்குப் போகத் தயார் என்று காட்டப் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஊரில் மதிப்புள்ள வாத்தியார்களே இறங்கிவிட்டார்கள் என்றதும் மற்றவர்களின் தயக்கம் உடைந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் அந்த பிரஷ்ஷுக்கு இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் குறைதான். யோசனை ஜான்சனுடையதா, கிங்குடையதா என்று இரு தரப்பும் மல்லுக்கட்டியபோது, இரண்டு பேருக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள் யார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் மீது நடந்த தாக்குதலைப் பொறுத்தவரை படம் பெரும்பாலும் நேர்மையானது. அதே பாலத்தில் படமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பாலம் நடுவில் உயர்ந்து வளைந்தது. உச்சிக்குப் போகும் வரை மறுபக்கம் தெரியாது. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி முன்வரிசையில் சென்ற ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் உச்சியை எட்டிய பிறகே நீலச் சீருடைகளைப் பார்த்தார்கள். கீழே ஓடும் அலபாமா ஆற்றைப் பார்த்துவிட்டு, நீந்தத் தெரியுமா என்று வில்லியம்ஸ் கேட்டதை லூயிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கலைந்து போக இரண்டு நிமிடம் தரப்பட்டது. அது முழுதாக முடியும் முன்பே தடிகளும் கண்ணீர்ப்புகையும் குதிரைகளும் பாய்ந்தன. லூயிஸின் மண்டையோடு பிளந்தது. பாய்ன்டன் நினைவிழந்து சாலையில் கிடந்தார். கால வரிசையில் மட்டும் படம் சில இடங்களில் சுருக்கிக்கொள்கிறது. பர்மிங்காம் தேவாலயத்தில் நான்கு சிறுமிகளைக் கொன்ற குண்டுவெடிப்பு நோபல் விழாவுக்குப் பின் நடந்தது போலத் தோன்றும். அது 1963 செப்டம்பரில் நடந்தது, நோபல் விழா 1964 டிசம்பரில். மேரியன் நகர உணவகத்தில் சுடப்பட்ட ஜிம்மி லீ ஜாக்சன் அங்கேயே இறந்ததாகத் தோன்றும்; அவர் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிப்ரவரி 26 அன்று இறந்தார். இவை கதை சொல்லும் வசதிக்கான சுருக்கங்கள். இவற்றைப் பொய்க் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கிங் பேசும் உரைகளைப் பற்றியும் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய உரைகளைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை ஏற்கெனவே வேறொரு தயாரிப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், டுவர்னே அவற்றின் சாரத்தை வைத்துக்கொண்டு வேறு சொற்களில் புதிதாக எழுதினார். மார்ச் 15 அன்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையோ அரசு ஆவணம். அதன் வரிகளே படத்தில் வருகின்றன. ஆக, ஜான்சனுக்கு அநியாயம் செய்ததாகச் சொல்லப்படும் இந்தப் படத்தில் தன் சொந்தச் சொற்களில் பேசுபவர் ஜான்சன், கிங் அல்ல.

ஆகவே திரையிடலாம், ஆனால் அப்படியே ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். குண்டுவெடிப்பு முதல் சில நிமிடங்களிலேயே, எதிர்பாராத நேரத்தில் வரும், முன்பே எச்சரியுங்கள். ஹூவர் காட்சி வந்ததும் நிறுத்தி, நாடா அனுப்பப்பட்ட மாதத்தைச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக் காட்சியில் கிங் மண்டியிடும்போது நிறுத்தி, நீதிமன்றத் தடையைப் பற்றிச் சொல்லி, அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஜனவரி 15 உரையாடலின் சில நிமிடங்களையும் கேட்கவையுங்கள். 1965 ஆகஸ்ட் 6 அன்று சட்டம் கையெழுத்தானதோடு கதை முடிந்துவிட்டதாக மாணவர்கள் நினைத்துக்கொள்ளாமல், தேர்தல் விதிகளை மாற்றும் முன் அனுமதி பெற வேண்டிய மாநிலங்களும் வட்டாரங்களும் எவை என்று தீர்மானித்த அதன் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்ததையும், அந்த வழக்கைத் தொடுத்தது அலபாமாவின் ஒரு கவுண்டி என்பதையும் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், படத்தைத் தொடங்குவதற்குச் சற்று முன், ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்துத் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களின் முதன்மை நீதிபதிகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். அந்த வெற்றுத் தாள் கையில் இருக்கும்போதே அன்னி லீ கூப்பர் காட்சியை அவர்கள் பார்க்கட்டும்.